வேகக்கணக்கு வகுத்த ஆரியபட்டர்

எதிரெதிராக வரும் இரண்டு தொடர்வண்டிகள் எத்தனை மணி நேரத்தில் ஒன்றையொன்று கடக்கும்? முன்னே செல்பவரைப் பின்னே விரைந்து வருபவர் எப்போது எட்டிப் பிடிப்பார்? தொலைவு, வேகம், நேரம் ஆகிய மூன்றையும் இணைக்கும் இத்தகைய வினாக்கள் இன்றைய கணிதப் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெறுகின்றன. தொடர்வண்டி தோன்றுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாக்களுக்கு விடைகாணும் விதியை ஒரே நூற்பாவில் அடக்கிக் கூறிய அறிஞர் ஒருவர் இந்தியாவில் வாழ்ந்தார். அவரே ஆரியபட்டர்.

பிறப்பும் கல்விச் சூழலும்

ஆரியபட்டர் கி.பி. 476ஆம் ஆண்டில் பிறந்தார். இந்த ஆண்டை அவரே ஒரு கணக்கின் வடிவில் தம் நூலில் பொதிந்து வைத்துள்ளார். கலியுகம் தொடங்கி 3600 ஆண்டுகள் நிறைந்தபோது தமக்கு 23 வயது நிறைந்திருந்தது என்பது அவர் தரும் செய்தி. கலியாண்டு 3600 என்பது கி.பி. 499. அதிலிருந்து 23ஐக் கழித்தால் 476 கிடைக்கும். பிறந்த ஆண்டு இவ்வளவு உறுதியாகத் தெரிந்த பழங்கால இந்திய அறிஞர் வெகு சிலரே.

அவர் அஸ்மக நாட்டைச் சேர்ந்தவர் என்று பிற்கால உரையாசிரியர் குறிப்பர். அவரது அறிவு சிறந்து விளங்கிய இடம் குசுமபுரம். மலர் நகரம் எனப் பொருள்படும் இப்பெயர் கங்கைக் கரையில் அமைந்த பாடலிபுத்திரத்தைக் குறிக்கும். இன்றைய பீகார் மாநிலத்தின் தலைநகரான பாட்னாவே அந்தப் பாடலிபுத்திரம். குப்தப் பேரரசின் காலத்தில் அந்நகரம் கல்விக்கும் வாணிகத்திற்கும் பெயர் பெற்றிருந்தது. கங்கையில் படகுகள் இடையறாது சென்றுவந்தன. இரவில் வானத்தை நோக்கிக் கோள்களின் நிலையைக் கணித்தல் அக்காலத்து அறிஞர்களின் முதன்மையான பணியாக இருந்தது. ஆற்றில் ஓடும் படகும் வானில் நகரும் கோளும் ஆரியபட்டரின் சிந்தனையில் ஒன்றாக இணைந்தன.

ஆரியபட்டீயம்

ஆரியபட்டர் இயற்றிய நூல் ஆரியபட்டீயம் எனப்படும். அது வடமொழியில் அமைந்தது. 121 செய்யுள்களே கொண்ட மிகச் சிறிய நூல் அது. மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற வகையில் செறிவாக யாக்கப்பட்டது. நூல் நான்கு பகுதிகளை உடையது. முதற்பகுதி வானியலுக்கு வேண்டிய பேரெண்களைத் தருகிறது. இரண்டாம் பகுதி கணிதத்தையும், மூன்றாம் பகுதி காலத்தை அளக்கும் முறையையும், நான்காம் பகுதி வானக்கோளத்தையும் விளக்குகின்றன.

கணிதப் பகுதியில் 33 செய்யுள்கள் உள்ளன. வர்க்கமூலம், கனமூலம், முக்கோணத்தின் பரப்பு, வட்டம், வட்டி, தொடர்வரிசை எனப் பலவும் அவற்றில் இடம்பெறுகின்றன. வட்டத்தின் விட்டம் 20,000 ஆயின் அதன் சுற்றளவு 62,832க்கு அண்மையில் இருக்கும் என்று ஆரியபட்டர் கூறினார். சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.1416 கிடைக்கிறது. இது முழுமையான விடை அன்று, அண்மையான விடையே என்பதையும் அவர் மறவாமல் சுட்டினார். தம் விடையின் எல்லையை அறிந்து கூறுதல் சிறந்த அறிஞர்க்கு அழகாகும்.

அறியாத எண்ணைக் காணுதல்

கணிதப் பகுதியின் 30ஆம் செய்யுளும் 31ஆம் செய்யுளும் அடுத்தடுத்து நிற்பவை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆரியபட்டரின் சிந்தனை முறை விளங்கும்.

30ஆம் செய்யுள் சம செல்வம் உடைய இருவரைப் பற்றியது. ஒவ்வொருவரிடமும் சில மணிகளும் சில காசுகளும் உள்ளன. மணியின் விலை தெரியாது. மதிப்பு அறியப்படாத அந்தப் பொருளைக் குளிகை என்னும் சொல்லால் ஆரியபட்டர் குறித்தார். இன்றைய இயற்கணிதத்தில் க அல்லது எக்ஸ் என்னும் எழுத்து செய்யும் வேலையை அங்கே குளிகை செய்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒருவரிடம் 7 மணிகளும் 20 காசுகளும் உள்ளன. மற்றவரிடம் 3 மணிகளும் 60 காசுகளும் உள்ளன. இருவர் செல்வமும் சமம். அப்படியானால் ஒரு மணியின் விலை என்ன? காசுகளின் வேறுபாடு 40. மணிகளின் வேறுபாடு 4. நாற்பதை நான்கால் வகுத்தால் 10. ஆகவே ஒரு மணியின் விலை 10 காசு. முதலாமவரின் செல்வம் 70உம் 20உம் சேர்ந்து 90. இரண்டாமவரின் செல்வம் 30உம் 60உம் சேர்ந்து 90. விடை சரியே. அறிந்தவற்றின் வேறுபாட்டை அறியாதவற்றின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும் என்பதே இச்செய்யுள் தரும் விதி.

சந்திக்கும் காலம்

அடுத்த செய்யுள் இயங்கும் இரு பொருள்களைப் பற்றியது. அவை எதிரெதிராக இயங்கினால், இடைப்பட்ட தொலைவை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் இயங்கினால், இடைப்பட்ட தொலைவை வேகங்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். கிடைப்பது அவை சந்திக்கும் காலம்.

யோசனை என்பது அக்காலத்து நீட்டலளவை. இரண்டு ஊர்களுக்கு இடையே 52 யோசனைத் தொலைவு இருப்பதாகக் கொள்ளலாம். ஓர் ஊரிலிருந்து புறப்பட்டவர் நாள்தோறும் 5 யோசனை நடக்கிறார். மற்றோர் ஊரிலிருந்து எதிரே வருபவர் நாள்தோறும் 8 யோசனை நடக்கிறார். ஒரு நாளில் இருவருக்கும் இடையிலான தொலைவு 13 யோசனை குறைகிறது. எனவே 52ஐ 13ஆல் வகுக்க, அவர்கள் 4 நாள்களில் சந்திப்பர்.

இருவரும் ஒரே திசையில் நடந்தால் என்னாகும்? மெதுவாக நடப்பவர் 24 யோசனை முன்னே இருக்கிறார் என்று கொள்ளலாம். பின்னே வருபவர் நாள்தோறும் 8 யோசனை நடந்தாலும், முன்னவரும் 5 யோசனை நகர்ந்துவிடுகிறார். ஆகவே இடைவெளி ஒரு நாளைக்கு 3 யோசனை மட்டுமே குறைகிறது. 24ஐ 3ஆல் வகுக்க, 8 நாள்களில் பின்னவர் முன்னவரை எட்டிவிடுவார்.

இக்கணக்கும் மணிக்கணக்கும் வேறு வேறு அல்ல. அறியாத எண்ணாக நாள்களை வைத்தால், முன்னவர் சென்ற தொலைவு 5 நாள்மடங்கும் 24உம் ஆகும். பின்னவர் சென்ற தொலைவு 8 நாள்மடங்கு ஆகும். சந்திக்கும் இடத்தில் இவ்விரண்டும் சமம். சம செல்வம் உடைய இருவர்க்குக் கூறிய விதியே இங்கும் பொருந்துகிறது. சந்தையில் நிற்கும் இருவரின் கணக்கும் சாலையில் நடக்கும் இருவரின் கணக்கும் ஒரே சமன்பாட்டின் இரு தோற்றங்கள்.

ஆரியபட்டர் மேலும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். விடையாக வரும் காலம் இனி வருவதாகவும் இருக்கலாம். முன்பே கடந்துபோனதாகவும் இருக்கலாம். விரைவாக நடப்பவரே 24 யோசனை முன்னே இருந்தால், அவர்கள் இனிமேல் சந்திக்கப் போவதில்லை; 8 நாள்களுக்கு முன்பே சந்தித்து முடித்தனர். எண்ணைக் கண்டபின் அதன் பொருளையும் ஆராய வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

வானத்தில் நிகழும் துரத்தல்

இவ்விதியை ஆரியபட்டர் வகுத்தது வழிநடப்பவர்க்காக மட்டும் அன்று. வானத்தில் நகரும் கோள்கள் எப்போது ஒன்றுசேரும் என்பதை அறியவே இது பெரிதும் பயன்பட்டது.

பூமியிலிருந்து நோக்குவோர்க்கு, விண்மீன்களுக்கு இடையே கதிரவன் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு பாகை கிழக்கே நகர்வதாகத் தோன்றும். நுட்பமாகக் கூறினால் அது 0.99 பாகை. நிலவோ அதே திசையில் நாள்தோறும் ஏறத்தாழ 13.18 பாகை நகர்கிறது. அமாவாசை நாளில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பின்னர் நிலவு முந்திச் செல்கிறது. ஒரு முழுச் சுற்றான 360 பாகையைக் கூடுதலாகக் கடந்தால்தான் அது மீண்டும் கதிரவனை எட்ட முடியும். வேகங்களின் வேறுபாடு 12.19 பாகை. 360ஐ 12.19ஆல் வகுத்தால் 29.53 நாள்கள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை உள்ள காலம் இதுவே. மாதம் என்பதே வானத்தில் நிகழும் ஒரு துரத்தலின் விடையாக அமைந்துள்ளது!

ஆரியபட்டர் இதனைப் பின்னங்கள் இன்றி முழு எண்களால் கூறினார். ஒரு மகாயுகம் 43 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகள். அக்காலத்தில் கதிரவன் 43 இலட்சத்து 20 ஆயிரம் சுற்றுகள் சுற்றும். நிலவு 5 கோடியே 77 இலட்சத்து 53 ஆயிரத்து 336 சுற்றுகள் சுற்றும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அவை ஒன்றுசேரும் முறைகளின் எண்ணிக்கை கிடைக்கும். அந்த எண்ணிக்கையே ஒரு யுகத்தில் அடங்கிய நிலவு மாதங்களின் எண்ணிக்கை.

நகர்வது எது?

ஒரு பொருளின் வேகம் பார்ப்பவரின் வேகத்தையும் பொறுத்தது என்பது மேற்கூறிய கணக்குகளின் உட்கருத்து. அந்தக் கருத்தை ஆரியபட்டர் அச்சமின்றி இறுதிவரை பின்தொடர்ந்தார்.

விண்மீன்கள் அனைத்தும் நாள்தோறும் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதாகத் தோன்றுகின்றன. பூமி அசையாமல் நிற்க, வானமே சுழல்கிறது என்று அக்காலத்தார் நம்பினர். ஆரியபட்டர் ஆற்றில் செல்லும் படகை எண்ணிப் பார்த்தார். படகில் முன்னோக்கிச் செல்பவருக்குக் கரையில் அசையாமல் நிற்கும் மரங்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றும். அதுபோலவே அசையாத விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுகின்றன என்று அவர் விளக்கினார். சுழல்வது பூமியே என்பது அவர் கொண்ட முடிவு. நிலையத்தில் நிற்கும் தொடர்வண்டியின் சாளரத்தருகே அமர்ந்திருப்போர், பக்கத்துத் தண்டவாளத்தில் உள்ள வண்டி புறப்படும்போது தம் வண்டியே நகர்வதாக மயங்குவது உண்டு. அந்த மயக்கத்தின் உண்மையை ஆரியபட்டர் வானத்தில் கண்டார்.

அவர் உவமையோடு நில்லாமல் எண்ணையும் தந்தார். ஒரு மகாயுகத்தில் பூமி 158 கோடியே 22 இலட்சத்து 37 ஆயிரத்து 500 முறை சுழலும். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கையில் கதிரவனும் விண்மீன்களுக்கிடையே கிழக்கே சிறிது நகர்வதால், ஆண்டுக்கு ஒரு சுழற்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது. எனவே சுழற்சிகளின் எண்ணிக்கையிலிருந்து 43 இலட்சத்து 20 ஆயிரத்தைக் கழித்தால் 157 கோடியே 79 இலட்சத்து 17 ஆயிரத்து 500 நாள்கள் கிடைக்கும். இங்கும் வேறுபாடு காணும் அதே விதிதான் பயின்றுவருகிறது.

இவ்வெண்களைக் கொண்டு கணக்கிட்டால், விண்மீன்களை நோக்கப் பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. இன்றைய அளவீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விநாடிக்கும் குறைவு. ஓர் ஆண்டின் அளவு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி என வருகிறது. இது இன்றைய அளவைவிட மூன்று நிமிடம் இருபது விநாடி அளவே மிகுதி. தொலைநோக்கியும் கடிகாரப் பொறியும் இல்லாத காலத்தில் இத்தகைய துல்லியம் கிட்டியது வியப்பிற்குரியது.

எதிர்ப்பும் ஏற்பும்

பூமி சுழல்கிறது என்ற கருத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எதிர்த்தோர் எளியவர் அல்லர், பெரும்புலமை படைத்தவர்கள். பூமி சுழன்றால் கூட்டைவிட்டு வானில் எழுந்த பறவை மீண்டும் தன் கூட்டை எவ்வாறு அடையும் என்று வராகமிகிரர் வினவினார். உயர்ந்து நிற்கும் பொருள்கள் ஏன் சரிந்து விழவில்லை என்று பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் தாம் இயற்றிய நூலில் கேட்டார். இவை வீண் வினாக்கள் அல்ல. விரைந்து செல்லும் வண்டிக்குள் மேலே எறிந்த பந்து எறிந்தவர் கைக்கே திரும்புவது போல, பூமியோடு காற்றும் பறவையும் சேர்ந்தே நகர்கின்றன என்பதே அவற்றிற்குரிய விடை. அந்த விடையைத் தெளிவாக விளக்கும் இயக்கவியல் கலிலியோவின் காலத்தில்தான் உருவாயிற்று. அதற்கு இன்னும் ஆயிரம் ஆண்டுகள் இருந்தன. ஆரியபட்டரின் உரையாசிரியருள் சிலரும் அவரது கருத்தை நேர்ப்பொருளில் கொள்ளத் தயங்கி, வேறு பொருள் கூறினர்.

ஆயினும் அவருடைய கணக்குகளை எவராலும் ஒதுக்க இயலவில்லை. அவரைக் கடுமையாக மறுத்த பிரம்மகுப்தரே 665ஆம் ஆண்டில் எழுதிய கண்டகாத்தியகம் என்னும் நூலில் ஆரியபட்டரின் அளவைகளைப் பின்பற்றினார். கருத்தில் மாறுபட்டவரும் கணக்கின் நேர்மையை மதித்தனர்.

ஆரியபட்டர் கூறியவை அனைத்தும் சரியானவை அல்ல. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்றாரே அன்றி, அது கதிரவனைச் சுற்றுகிறது என்று அவர் கூறவில்லை. முக்கோண அடியுடைய கூம்பகத்தின் கனஅளவுக்கு அவர் தந்த விதியும் பிழையானது. பின்வந்தோர் அதனைத் திருத்தினர். சந்திர கிரகணத்தில் நிலவை மறைப்பது பூமியின் நிழல், சூரிய கிரகணத்தில் கதிரவனை மறைப்பது நிலவு என்று அவர் கூறியது நிலைபெற்றது. பிழை திருத்தப்படுவதும் உண்மை நிலைபெறுவதும் அறிவு வளரும் முறையாகும்.

புகழ் பரவுதல்

629ஆம் ஆண்டில் முதலாம் பாஸ்கரர் ஆரியபட்டீயத்திற்கு விரிவான உரை எழுதினார். சுருங்கிய விதிகளுக்கு எடுத்துக்காட்டுக் கணக்குகளைச் சேர்த்து, மாணவர்க்கு எளிதாக்கிய பெருமை அவருக்கு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிருனி ஆரியபட்டரைத் தம் நூலில் குறிப்பிட்டார். கேரளத்தில் 1444ஆம் ஆண்டில் பிறந்த நீலகண்ட சோமயாஜி ஆரியபட்டீயத்திற்குச் சிறந்த உரை கண்டார். கேரளத்தில் தோன்றிய பரஹித முறை ஆரியபட்டரின் அளவைகளை அடிப்படையாகக் கொண்டது. அவ்வழியில் வந்ததே தமிழ்நாட்டில் இன்றும் அச்சாகும் வாக்கியப் பஞ்சாங்கம். தமிழர் இல்லங்களில் அமாவாசையையும் பண்டிகை நாளையும் பார்க்க உதவும் அந்த நூலில் கங்கைக்கரை அறிஞரின் ஆண்டளவு வாழ்கிறது.

இந்தியாவின் முதற் செயற்கைக்கோள் பெங்களூரில் உருவாக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து அது விண்ணில் செலுத்தப்பட்டது. ஏறத்தாழ 360 கிலோகிராம் நிறையுடைய அச்செயற்கைக்கோள் பூமியை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 96 நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்கு ஆரியபட்டா என்று பெயர் சூட்டப்பட்டது. சுழலும் பூமியின் வேகத்தையும் சுற்றும் கோளின் வேகத்தையும் ஒப்பிட்டால்தான் அது எப்போது தலைக்குமேல் வரும் என்று அறிய முடியும். அக்கணக்கின் முதல் விதியைத் தந்தவரின் பெயர் அதற்கு முற்றிலும் பொருத்தமே.

அருஞ்சொற்பொருள்

நூற்பா – இலக்கணம், கணிதம் முதலியவற்றின் விதியைச் சுருங்கக் கூறும் செய்யுள்
யாத்தல் – செய்யுள் இயற்றுதல்
பாகை – வட்டத்தை 360 சம பங்காக்கினால் அதில் ஒரு பங்கு
குளிகை – சிறு மணி; இங்கு மதிப்பு அறியப்படாத எண்
துல்லியம் – பிழையற்ற நுட்பம்
சாளரம் – சன்னல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆரியபட்டர் பிறந்த ஆண்டு எவ்வாறு அறியப்படுகிறது?
2. குளிகை என்னும் சொல் இன்றைய இயற்கணிதத்தில் எதற்கு ஒப்பானது?
3. படகு உவமையால் ஆரியபட்டர் விளக்கிய உண்மை யாது?

ஆ. ஆரியபட்டரின் விதியைப் பயன்படுத்தி விடை காண்க.
1. 540 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நகரங்களிலிருந்து இரண்டு தொடர்வண்டிகள் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புறப்படுகின்றன. அவற்றின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர். அவை எத்தனை மணி நேரத்தில் சந்திக்கும்?
2. காலை 6 மணிக்கு ஒரு பேருந்து மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதே வழியில் காலை 8 மணிக்கு ஒரு மகிழுந்து மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. மகிழுந்து பேருந்தை எத்தனை மணிக்கு எட்டும்?

இ. பிரித்து எழுதுக.
நூற்பா, விண்மீன், முதற்பகுதி, பேரெண்

ஈ. கலந்துரையாடுக.
ஆரியபட்டரை மறுத்தவர்களும் அவருடைய கணக்குகளைப் பயன்படுத்தினர். இதனால் அறியத்தக்க பண்பு யாது?